மூன்று என்று எழுதியிருந்தது

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் திருட்டுத்தனத்தில் பிறந்தது. எங்கள் துறைமுக ஊரான வோலோஸில் ஸ்கேன் முடிவை உறையில் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அம்மாவின் உறையை வாங்கிவரப் போன நான் வழியிலேயே கிழித்துப் படித்துவிட்டேன்.

(முதலில் 'அன்று கடல் சாம்பல் நிறத்தில்' என்று தொடங்கி... சே, பொய். அன்று நான் கடலைப் பார்க்கவே இல்லை.)

2.

வலது மார்பு: எளிய நீர்க்கட்டிகள். இடது மார்பு: திடமான கட்டி ஒன்று, ஒன்பது மில்லிமீட்டர், வழவழப்பான விளிம்பு. கடைசி வரி: வகை 3.

மூன்று! புற்றுநோயின் மூன்றாம் கட்டம் என்று நானே முடிவுகட்டினேன். எங்கள் ஊரில் அதன் பெயரைச் சொல்லமாட்டோம், 'கெட்டது' என்போம். அது வந்தவருக்குத்தான் கடைசியில் தெரியவரும். நானும் அந்த வழியே போனேன். "ரிசல்ட் இன்னும் வரலம்மா."

(அம்மா எவாந்தியா இருபது வருடமாக டாக்சி ஓட்டுகிறாள். இந்த இடத்தில் அவளைப் பாவமாக எழுதப் பார்த்தேன். வரவில்லை.)

3.

வயிற்றுவலி என்று பொய் சொல்லி, அம்மாவின் டாக்சியிலேயே டாக்டரிடம் போனேன். அவளை வண்டியில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

"டாக்டர், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் எவ்ளோ நாள்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

டாக்டர் கல்லியோப்பி கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப யாரும்மா சாகப்போறது? மூணுங்கறது நோயோட கட்டம் இல்ல, எங்க சந்தேகத்தோட அளவு. இந்த மாதிரி கட்டி நூத்துல தொண்ணூத்தெட்டு சாதுதான். ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்து, வளந்திருக்கான்னு பாப்போம்."

"நீர்க்கட்டி?"

"வெறும் தண்ணிப் பை. அத விடு."

கதவு திறந்தது. அம்மா.

"வயித்துவலிக்கு மார்பு டாக்டராடி? வாசல்ல போர்டு இருக்கு, எனக்கும் படிக்கத் தெரியும்!" கையை நீட்டினாள். "மாரு என்னோடது. பயம் மட்டும் உனக்கா? குடு."

முடிவை வாங்கி இரண்டு முறை படித்தாள். டாக்டர் எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னார்.

"மிச்சம் ரெண்டு?" என்றாள் அம்மா, மெதுவாக.

"அதுக்குத்தான் அந்த ஆறு மாசம்."

4.

முடிவு அ: செப்டம்பரில் கட்டி அதே ஒன்பது மில்லிமீட்டர். இருவரும் வறுத்த கணவாய் தின்று

முடிவு ஆ: கட்டி கொஞ்சம்

(மாட்டேன்.)

இப்போது மே மாதம்; அந்த ஆறு மாதத்தில் இரண்டுதான் ஆகியிருக்கிறது. அம்மா என் தோளுக்கு மேலாக இதைப் படிக்கிறாள்.

"ஏண்டி, என் ஒடம்புல என்ன நடக்கப்போகுதுன்னு மறுபடியும் எனக்கு முன்னாடி நீ தெரிஞ்சுக்கணுமா?"

அதனால் நிறுத்திவிடுகிறேன். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முன்னால் என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.