சர்க்கரைத் தண்ணீர்

எலிகளைத் துக்கப்பட வைப்பதுதான் அவளுடைய வேலை என்று அவள் கணவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அதில் பொய் இல்லை. பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், சின்னக் கறுப்பு எலி ஒன்றைப் பெரிய வெள்ளை எலியின் கூண்டுக்குள் விடுவாள். வெள்ளை எலி அதை விரட்டி, மூலையில் அமுக்கி, ஒரு வழி பண்ணிவிடும். பெரிய காயம் படுவதற்குள் பிரித்துவிடுவார்கள். ஆனால் கறுப்பு எலியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. அதே கூண்டின் நடுவே ஓட்டை போட்ட தடுப்பு ஒன்றைச் செருகி, இந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள். இனிமேல் கடி இல்லை. கடித்தவனைப் பார்த்துக்கொண்டு, அவன் வாடையை முகர்ந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இப்படியே தினமும் நடந்தால் பல எலிகள் ஓய்ந்துவிடும். இரண்டு புட்டிகளை வைத்துப் பார்ப்பார்கள்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். தெம்பான எலி சர்க்கரையைத் தேடிப் போகும். ஓய்ந்த எலிக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தச் சோர்வு உடம்பின் கொழுப்பையும் ரத்தத்தின் சர்க்கரையையும் என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

கணவன் அச்சக இயந்திரம் ஓட்டியவன். நகக்கண்ணில் எப்போதும் அச்சு மை ஒட்டியிருந்ததால் வேலையிடத்தில் அவனுக்கு மசி என்று பெயர். அவளும் செல்லமாக அப்படித்தான் நினைத்துக்கொள்வாள். வாய் ஓயாமல் பேசுவான். இனிப்பென்றால் உயிர். அச்சகத்தை மூடியபோது, வேறு வேலை கிடைக்கும்வரை கொஞ்ச காலம் என்று சொல்லி, இருவரும் அவளுடைய அப்பா வீட்டுக்குக் குடிவந்தார்கள். கொஞ்ச காலம் மூன்றாவது வருஷமாக நீண்டது.

அப்பா நிலஅளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மாப்பிள்ளையை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. சாப்பாட்டு மேஜையில் மட்டும் ஏதாவது ஒன்று சொல்வார். மாப்பிள்ளை இன்றைக்கும் எங்கேயும் போகவில்லையா என்பார். எதிர்வீட்டுப் பையனுக்குப் பதவி உயர்வாம் என்பார். தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டேதான் சொல்வார். மசி முதலில் வேடிக்கையாகப் பதில் கொடுத்தான். பிறகு சிரிப்போடு நிறுத்திக்கொண்டான். பிறகு அதுவும் இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு வந்து, இருப்பதைப் போட்டுக்கொண்டு, அறைக்குள் போய்ச் சாப்பிட்டான். சுவருக்கு அந்தப்பக்கம் அப்பாவின் செருமல் கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவான்.

அவனுக்குத் தொப்பை விழுந்தது. பகலெல்லாம் தூங்கினான். உட்கார்ந்தே தின்றால் உடம்பு வைக்காமல் என்ன செய்யும் என்றார் அப்பா. கொஞ்சம் நடந்துவிட்டு வரக் கூடாதா என்று அவளும்தான் கடிந்துகொண்டாள்.

ஒருநாள் ஆய்வுக் குழுக் கூட்டத்தில், ஓய்ந்த எலிகளைப் பற்றி அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். இவை மற்ற எலிகளைவிட ஒரு கவளம்கூட அதிகம் தின்னவில்லை, ஆனாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று சொன்னவள், அடுத்த வாக்கியத்தை மறந்து நின்றாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சாக்லேட் கேக் வாங்கினாள். ஒரு தட்டில் அதையும் பக்கத்தில் வெறும் ரொட்டியையும் வைத்து அவனிடம் கொடுத்துவிட்டு, துணி மடிப்பதுபோல் நின்றாள். கைக்குப் பக்கத்தில் இருந்தது ரொட்டி. அதை எடுத்துத் தின்றான். மறுநாள் தட்டைத் திருப்பி வைத்தாள். அன்றைக்குக் கேக் பக்கத்தில் இருந்தது, கேக்கைத் தின்றான். இரண்டு நாளும் முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை தட்டோடு வந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எதை எடுக்கறேன்னு பாக்கறியா?"

இல்லைங்க, பிடிக்குமேன்னுதான், என்று இழுத்தாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உன் எலிக்கெல்லாம் அப்புறம் சரியாகுமா?"

"வேற கூண்டுக்கு மாத்தினா, சிலதுக்கு ஆகுங்க."

"அப்ப மாத்தேன்," என்றான்.

அந்த வாரமே அவள் வேறு வீடு பார்த்தாள். இரண்டு அறை, மொட்டைமாடி, நல்ல வெளிச்சம். நாளைக்கே மருத்துவரிடமும் போகலாம் என்றாள். குடிபோன பிறகு புது ஆளாகப் போகலாமே என்றான் அவன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பழைய மசி தெரிந்தான். அப்பாவிடம் சொன்னதும் அவர் இடிந்துபோனார். நான் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

பெட்டிகளைக் கட்டி முடிப்பதற்குள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் எழுந்து நடக்கட்டும், அப்புறம் போகலாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். மசி தலையாட்டினான். அவள் வேலைக்குப் போனதும் அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவன்தான். தூக்கி உட்காரவைப்பது, கழுவிவிடுவது, முகம் மழிப்பது எல்லாம் அவன்தான். நல்ல கை அவனுக்கு, வலிக்காமல் புரட்டுவான்.

ஒரு விடுமுறை நாளில், அவன் அப்பாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளும் அறையில் இருந்தாள். அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது. நன்றியாகத்தான் சொன்னார்.

"நல்ல வேளை மாப்பிள்ளை, வீட்ல நீங்க ஒருத்தராவது சும்மா இருந்தீங்க."

மசியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மிச்ச முதுகையும் துடைத்து, சட்டை மாட்டி, போர்வையை இழுத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் பின்னாலேயே போயிருக்கலாம். அப்பா மாத்திரை கேட்டார்; எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது அவன் தோளைத் தொட்டு எழுப்பினாள். தோள் சில்லிட்டிருந்தது.

மாரடைப்பு என்றார் மருத்துவர். சர்க்கரை வெகு நாளாகவே ஏறியிருந்திருக்க வேண்டும், ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். எலியின் வால் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம்.

பார்த்துவைத்த வீட்டுக்கு வேறு யாரோ குடிபோனார்கள். அவள் திரும்ப வேலைக்குப் போனாள். அப்பா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கினார். மேஜையில் இப்போது அவர் ஒன்றும் பேசுவதில்லை. அவள் வைப்பதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாலை, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"என்னாலதானாம்மா?"

அவருக்கு ஆறுதல் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை, தண்டிக்கவும் வரவில்லை.

"எலின்னா சொல்லிடுவேன்ப்பா. அந்தக் கூண்டுல போடாத எலி இன்னொரு பக்கம் இருக்கும், ரெண்டையும் வச்சுப் பாப்போம். இவர் ஒருத்தர்தானே இருந்தாரு."

அவள் எழுந்து தட்டுகளை அடுக்கிக் கழுவப் போட்டாள். குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்த இரைச்சலில், முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.