தரையில் விழுந்த முடி

கோமளவல்லி ஆண்டுக்கொரு முறை திருத்தணி மலையில் முடியிறக்குவாள். இறக்கிய முடி தரையில் விழாது, மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும். விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ராக்கெட் பொறியாளராகச் சேர்ந்த நாள்முதல், ஒவ்வோர் ஏவுதலுக்கும் முந்தைய வாரம் மின்சார ரயிலேறி வந்து இந்த வேண்டுதலை நிறைவேற்றுவது அவள் வழக்கம். அவளைக் கண்டதும் நாவிதர் நாகேந்திரன் மின்விசிறியை நிறுத்துவார். "ராக்கெட்டம்மா வந்துகினு இருக்காங்க, ஒட்டடைக்கோலை எடுத்துகினு வா ஞானம்மா!" சுவாமிக்குச் சேரவேண்டிய காணிக்கையாதலால், மண்டபம் பெருக்கும் ஞானம்மாள் அதைக் கூரையிலிருந்து தட்டியெடுத்து மூட்டை கட்டி, மேலே கல் வைப்பாள். முதலிரண்டு ஆண்டுகளும் ராக்கெட் குறையின்றிப் பறந்தது. மூன்றாம் ஆண்டு முடி ஆளுயரம் எழும்பி அங்கேயே நின்றது. ராக்கெட்டும் செயற்கைக்கோளைக் குறித்த உயரத்துக்குக் கீழேயே விட்டுவிட்டது.

நான்காம் ஆண்டு, ஆடிக்கிருத்திகை கழிந்த செவ்வாய்க்கிழமை, கத்தி பட்டதும் முடி கொத்தாகத் தரையில் விழுந்தது. நாகேந்திரன் கத்தியைத் துடைத்துவிட்டு மறுபடி வழித்தார்.

"இன்னாம்மா இது, ஊர்ல எல்லாருக்கும் வுழுறாப்பல வுழுது?"

ஞானம்மாள் ஒட்டடைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பால் போய்விட்டாள்.

தலையில் பூசிய சந்தனம் உலருமுன்பே கோமளவல்லி மண்டபப் படியில் அமர்ந்து, மடிக்கணினியைத் திறந்து, எஞ்சின் சோதனையின் எண்கள் அனைத்தையும் மீண்டும் சரிபார்த்தாள். ஒன்றிலும் பிழையில்லை. அதுவே அவளை அச்சுறுத்தியது. பிழையென்றால் திருத்திவிடலாம். அன்று மாலைக்குள் எஞ்சின் தகுதிச்சான்றில் அவள் கையொப்பமிட்டால், வியாழனன்று எரிபொருள் நிரப்பப் பதினொரு பேர் அந்த ராக்கெட்டின் அடியில் நிற்பார்கள்.

திட்டத் தலைவர் சுந்தரமூர்த்தி தொலைபேசியில் அழைத்தார். ஆண்டுதோறும் கேட்பதையே கேட்டார்.

"என்ன கோமளா, மேல போச்சா?"

"கீழ விழுந்துடுச்சு சார்."



"எண்ல ஏதாவது தப்பா?"

"இல்ல சார்."

"அப்போ கோப்புல காரணம்னு என்னத்த எழுதுவ? மொட்டை அடிச்ச கதையையா? இதோ பாரு, நீ கையெழுத்துப் போடலன்னா வேற ஆளைப் போடச் சொல்லுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

கோமளவல்லி மடிக்கணினியை மூடினாள்.

"நான் கையெழுத்துப் போடல சார். முடி கீழ விழுந்துச்சுன்னே எழுதறேன். அந்தப் பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு நகல் அனுப்பிடறேன்."