கொத்தனார் பிடித்த உருண்டை

கொத்தனாருக்கு அடுப்படியில் டம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மிக்சிக்கு முன்னால் போய் நின்றதும், தையல் மெஷினில் இருந்த மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எல்லாம் மகளுக்காகத்தான். பால் கலந்த எதைத் தின்றாலும் அவளுக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறும். மூன்று வயதிலிருந்தே, யார் எதைக் கையில் கொடுத்தாலும் "இதுல பால் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். போன பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கிய கேக்கை வகுப்பில் எல்லாருக்கும் தானே கொடுத்துவிட்டு, வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் பத்து வயது ஆகிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அழாமல் சொன்னாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பேரீச்சம்பழம், ஓட்ஸ், வறுத்த வேர்க்கடலை, கோகோ தூள். பாலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம் என்று போனில் ஒரு பெண் செய்து காட்டியதைப் பார்த்திருந்தார். பார்த்ததில் பாதிதான் மண்டையில் ஏறியது. பழத்தை ஊறவைக்காமலே அரைத்தார். உருண்டைகள் விரிசல் விட்டன. விரிசலைக் கண்டால் இருபது வருஷமாக என்ன செய்வாரோ அதையே செய்தார். ஈரத்துணியைப் போட்டு மூடி, அரைமணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தார். மதியம் துணியைத் தூக்கிப் பார்த்தால் தட்டு முழுக்கக் கூழ்.

மனைவி சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னங்க, தண்ணி ஊத்தினா இறுகுறதுக்கு அது என்ன சிமெண்டா?" என்றாள். பிறகு மனசு கேட்காமல், வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பென்சில் வாங்கிக் கொடுத்து அனுப்பலாம், இத்தோடு விட்டுவிடுங்கள் என்றாள்.

"பென்சிலை அவ திங்க முடியாதே," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்குக் கிளம்பினார்.

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. பழத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தார். கடலையை எண்ணெய் கசிகிற வரைக்கும் அரைத்தார். ஓட்ஸைக் கலந்து, ஈரத்தை அது இழுத்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் ஆறப்போட்டார். அப்புறம் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பார்த்தார். உதிரவும் இல்லை, கையில் ஒட்டவும் இல்லை. நல்ல கலவை எது என்று அந்தக் கைக்கா தெரியாது! வகுப்புக்கும் டீச்சருக்குமாக முப்பத்திமூன்று உருண்டை, எல்லாம் ஒரே அளவு. மட்டம் பார்க்கிற ரசமட்டம் எங்கே என்று மனைவி கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தார்.

மகள் காலையிலிருந்து அடுப்படி வாசலில் சாய்ந்து, மிக்சிக்குள் போன ஒவ்வொரு பொருளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு உருண்டையை நீட்டினார். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். என்னென்ன போட்டேன் என்று வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தார்.

அவள் வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றுகொண்டே தையல் மெஷின் பக்கம் திரும்பி, "அம்மா, என் யூனிஃபார்ம் தேச்சாச்சா?" என்றாள்.