அழுக்கல்ல, தேய்மானம்

கார்ப்பெட் கழுவுகிற ஆளுக்கு டாக்டர் பட்டம் சும்மா கிடைத்துவிடாது. கூட வேலை பார்ப்பவர்கள் போன இடத்தில் மெஷினை இறக்கி, நுரையை ஊற்றி, முக்கால் மணி நேரத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். இவர் மட்டும் முதலில் மண்டி போட்டுக் குனிந்து, பையிலிருந்து லென்ஸை எடுத்து, இழையை விலக்கிப் பார்த்து, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். "நாடியும் பிடிச்சுப் பாருங்க டாக்டர்" என்று எவனோ ஒருவன் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் கை பட்டு ஒரு கார்ப்பெட்கூடப் பாழானதில்லை. வீடு வாங்கவில்லை, சேமிப்பு கிடையாது, முழங்கால் மூட்டுகூட இப்போது பாதிதான் அவருடையது. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு விஷயம்தான் இருந்தது. அதையும் ஒரு வாரக் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது நிர்வாக மேலாளர் நேரிலேயே நின்றிருந்தார். அவர் எதையாவது சொல்வதென்றால் முதலில் தொண்டையைச் செருமுவார். பிறகு அந்த விஷயத்தைப் பற்றி நிறையப் படித்திருப்பதாகச் சொல்வார். அதற்கப்புறம்தான் விஷயம் வரும். பல சமயம் வராது.

"திங்கட்கிழமை சேர்மன் வர்றார்" என்றார். "நாலு வருஷ அழுக்கு. ஒரு புள்ளி மிச்சம் இருக்கக் கூடாது."

டாக்டர் பார்த்தார். லிஃப்டிலிருந்து மேலாளர் அறை வரைக்கும் நீண்ட நடைபாதை. இரண்டு ஓரமும் கருநீலம். நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்குச் சாம்பல் பூத்த பட்டை ஒன்று நேராகப் போய், மேலாளர் அறை வாசலில் குளம் போலத் தேங்கியிருந்தது. உள்ளே கூப்பிடும்வரை எல்லோரும் நின்று கால் மாற்றிக்கொண்ட இடம். அங்கிருந்து கழிவறைப் பக்கம் ஒரு சின்னக் கிளை பிரிந்திருந்தது. உள்ளே போய் வந்தவர்களுக்கு அடுத்த வேலை அங்கேதான் இருந்தது போல.

"நாலு வருஷமா சுத்தமே பண்ணலையா சார்?"

"பண்ண விடலை" என்றார் மேலாளர் பெருமையாக. "இதைப் பத்தி நான் நிறையப் படிச்சிருக்கேன். கார்ப்பெட்டைச் சுத்தம் பண்ணப் பண்ணத்தான் சீக்கிரம் அழுக்காகும். தேயும். அந்த வாக்குவம் கிளீனர் இருக்கு பாருங்க, அது இழையை வேரோட பிடுங்கிடும். இந்த மாடியில அதை நான் ஏத்தவே விட்டதில்லை."

"அப்போ இந்த மண்ணெல்லாம்?"

"எந்த மண்ணு? இது ஆறாவது மாடிங்க."

மண்ணுக்கும் லிஃப்டில் ஏறத் தெரியும் என்பது அவர் படித்தவற்றில் இல்லை.

மேலாளர் போன் பேசப் போன நேரத்தில், லீவு நாளும் அதுவுமாக வரவழைக்கப்பட்டிருந்த வரவேற்பு மேசைப் பெண் மெதுவாகச் சொன்னாள். "நாங்க எல்லாரும் நடுவுலயேதான் நடக்கணும் அண்ணே. ஓரமா நடந்தா சார் திட்டுவார். ஓரம் புதுசாவே இருக்கட்டும்னு."

டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேலாளர் வரும்வரை காத்திருந்து சொன்னார்.

"சார், இதுல அழுக்கு கொஞ்சம்தான். மத்ததெல்லாம் தேய்மானம். மணல் ஒவ்வொண்ணும் குட்டிக் கத்தி மாதிரி. அப்பப்போ உறிஞ்சி எடுத்திருந்தா போயிருக்கும். எடுக்காம விட்டதால செருப்புக்கு அடியில கிடந்து இழையைக் கீறிக்கிட்டே இருந்திருக்கு. கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடியை எவ்வளவு கழுவினாலும் மங்கலாத்தானே இருக்கும்? இருக்கிற அழுக்கை நான் எடுத்துடறேன். இந்த வெளுப்பு போகாது. ஓரம் பளிச்சுன்னு ஆயிடும், அதனால நடு இன்னும் எடுப்பாத் தெரியும். முன்கூட்டியே சொல்லிடறேன்."

மேலாளர் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கார்ப்பெட்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். பத்து வருடம் உழைக்கும் என்று வாக்குக் கொடுத்து, விரித்த அன்று அதன் மேல் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டவர். அழுக்கு என்றால் குற்றம் ஊரார் காலுடையது. தேய்மானம் என்றால் அவருடையது. ஆகவே அது அழுக்காக இருந்தே தீரவேண்டும்.

"நீங்க ஷாம்புவைக் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க. கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

"அதிகமா ஊத்தினா பிசுக்கு தங்கிடும் சார். அப்புறம் தூசியெல்லாம் வந்து அதுலயே அப்பிக்கும்."

"வாசனையும் வரணும். ரோஜா வாசனை."

"சுத்தத்துக்கு வாசனை கிடையாது சார்."

இந்த வாக்கியத்தை டாக்டர் இதுவரை பல நூறு வீடுகளில் சொல்லியிருந்தார். ஒரு வீட்டிலும் எடுபட்டதில்லை. வாசனை வந்தால் சுத்தம், நுரை வந்தால் வேலை, சத்தம் வந்தால் மெஷின் என்று மனித குலம் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

முதலில் தூசியை உறிஞ்சி எடுத்தார். மெஷினின் பை நிரம்பிக் கனத்தது. அதைச் செய்தித்தாளில் கொட்டினார். இரண்டு கை கொள்ளாத மணல். சின்னக் குழந்தை உட்கார்ந்து வீடு கட்டி விளையாடலாம். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது உங்க மெஷின்லயே இருந்திருக்கும்" என்றார் மேலாளர்.

வரவேற்பு மேசைப் பெண் சட்டென்று கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் வெந்நீர் விட்டு, அளவாக மருந்து தெளித்து, பூப்போன்ற பிரஷ்ஷால் கையாலேயே நீவி, இரண்டு முறை அலசி உறிஞ்சி, நான்கு மின்விசிறிகளைத் திருப்பி வைத்துக் காயவிட்டார். இதைவிடச் சுத்தமாக இந்த வேலையை அவரே செய்ததில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கார்ப்பெட் காய்ந்தபோது, அவர் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. ஓரமெல்லாம் கடையில் வாங்கிய அன்றைய நீலம். நடுவில், நான்கு வருடம் ஒரு மனிதரைப் பார்க்கப் போனவர்களின் வழி, இருந்த அழுக்குத் திரையும் விலகி, வெட்டவெளிச்சமாகக் கிடந்தது.

மேலாளர் வந்து பார்த்தார். செருமவில்லை. படித்திருப்பதாகவும் சொல்லவில்லை.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

'நீங்க' தேய்ந்து 'நீ' ஆவதற்கு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

"நான் காலையிலயே சொன்னேனே சார்..."

"காலையில இப்படியா இருந்துச்சு? நல்லா இருந்த கார்ப்பெட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு வழிச்சு எடுத்திருக்கே. உன் முதலாளி நம்பர் என்கிட்ட இருக்கு."

முதலாளி டாக்டரின் மனைவிக்குத் தம்பி. அவன் விசிட்டிங் கார்டில் 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி, தூய்மை ஆலோசகர்' என்று மூன்று வரி இருக்கும். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் வீட்டு வாசலில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு தாள்.

"அத்தான், சாப்பிட்டாச்சா?" என்றான் மச்சான். தாளை மேசை மேல் வைத்து, நான்கு பக்கமும் நீவி, பேனாவை அதன் மேல் படுக்கவைத்தான். பேனாவின் மூடியை ஏற்கெனவே கழற்றியிருந்தான்.

டாக்டர் படித்தார். மேலாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தது. 'நல்ல நிலையில் இருந்த கம்பளத்தை, முறையற்ற கடினமான தூரிகையால் அளவுக்கு மீறித் தேய்த்ததால் சேதம் விளைவித்தேன் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.' கீழே அவர் முழுப்பெயர், அப்பா பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"கடினமான பிரஷ் என்கிட்ட இல்லவே இல்லையே மச்சான். நீ வாங்கித் தந்ததுதானே வெச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாதா அத்தான்? இது சும்மா பேப்பர். இதைக் காட்டினா நம்ம இன்சூரன்ஸ்ல அவங்களுக்குப் புதுக் கார்ப்பெட் கிடைச்சிடும். மேனேஜருக்குப் பிரச்சினை தீர்ந்துச்சு. ஆறு மாடி கான்ட்ராக்டும் நமக்கு மூணு வருஷம் நீளும். அவரே வாய் விட்டுச் சொல்லிட்டார்."

"என் பேரு போட்டிருக்கே."

"உங்களை யாரு அந்தப் பேருல கூப்பிடறாங்க? எல்லாருக்கும் நீங்க டாக்டர்தானே."

சொல்லிவிட்டு மச்சான் தானே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"இந்தக் கான்ட்ராக்ட் போச்சுன்னா பதினோரு பேரை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பணும். சொந்தக்காரர்னு பார்க்க மாட்டேன். லிஸ்ட்ல முதல் ஆள் நீங்கதான்."

"தேய்மானம்னு அந்தக் கார்ப்பெட் கடைக்காரனைக் கூப்பிட்டே காட்டலாமே மச்சான். இழையைப் பார்த்தா எவனுக்கும் தெரியும்."

"காட்டலாம். காட்டினா மேனேஜர் தப்புன்னு ஆகும். அந்த ஆளு தப்புன்னு ஆன பிறகு நமக்கு வேலை குடுப்பாரா?"

இழையைப் பற்றிக் கேட்டிருந்தால் டாக்டர் பதில் சொல்லியிருப்பார்.

மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள். "என்னங்க, பதினோரு வீட்டு அடுப்பு. தம்பியும் கடன்ல மூச்சுத் திணறிக்கிட்டிருக்கான். ஒரு கையெழுத்துதானே. உங்க வேலை எங்களுக்குத் தெரியாதா?"

அவர் பேனாவை எடுத்தார். தாளின் ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது.

"கீழே மணலைப் பத்தி ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?"

"அத்தான்!"

கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை சேர்மன் வந்தார். லிஃப்டிலிருந்து மேலாளர் அறைவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தரையில் என்ன விரித்திருக்கிறது, விரித்திருக்கிறதா என்றுகூட அவர் கவனிக்கவில்லை. ஆனால் தாள் அதற்குள் அவர் மேசைக்குப் போய்விட்டிருந்தது. ஒரு தாள் மேசைக்கு வந்துவிட்டால் அதன் மேல் ஏதாவது ஒன்று நடந்துதான் ஆகவேண்டும்.

மூன்றே வாரத்தில் புதுக் கார்ப்பெட் வந்தது. அதே கடை, அதே நீலம், தேர்ந்தெடுத்தவரும் அதே மேலாளர். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு மாட்டினார்கள். 'புதிய கம்பளம். எவ்விதச் சுத்திகரிப்பும் அனுமதிக்கப்பட மாட்டாது.' சுத்தம் செய்தால் கார்ப்பெட் தேயும் என்பதை மேலாளர் ஒரு சுற்றறிக்கையாகவே எழுதி, ஆதாரமாக டாக்டரின் கடிதத்தை இணைத்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவைத்தார். அதுவரை அவர் படித்தது மட்டும்தான். இப்போது கையில் நிபுணர் வாக்குமூலமே இருந்தது. எந்தப் பொய்யைப் பொய் என்று இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தொண்டை கட்டச் சொன்னாரோ, அதே பொய்க்கு டாக்டரே சாட்சியாகிவிட்டார்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். சேதம் செய்த ஆள் இனி மெஷினைத் தொடக்கூடாது. மச்சான் அவரைக் கிடங்கில் உட்காரவைத்தான். பெரிய கேனிலிருந்து சின்ன கேனுக்கு ஷாம்பு மாற்றும் வேலை. ரோஜா, மல்லிகை, எலுமிச்சை. கிடங்குக்கு அடுத்த அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மச்சான் வகுப்பு எடுப்பான். முதல் நாள் பாடமே அந்தக் கடிதம்தான். "ஆள் யாருன்னு சொல்ல மாட்டேன்" என்பான். "அனுபவம் ஜாஸ்தி. அதுதான் பிரச்சினையே." சுவர் மெல்லியது. யாராவது சிரித்தால் அதுவும் இவருக்குக் கேட்கும்.

ஒருநாள் ஆபீசில் யாரும் இல்லாததால் போனை அவரே எடுத்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அவர் போய்வந்துகொண்டிருந்த வீட்டு அம்மா. அந்த வீட்டுக் கூடத்தில் எந்த மூலையில் எந்தக் குழந்தை மை கொட்டியது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

"அடுத்த வாரம் ஆள் அனுப்புங்க" என்றாள் அந்த அம்மா. "உங்ககிட்ட டாக்டர்னு ஒருத்தர் இருப்பாரே, அவர் மட்டும் வேண்டாம். எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல அந்த லெட்டரைப் பார்த்தாராம். பாவம், வயசாயிடுச்சு போல. நல்ல மனுஷன்தான்."

"சரிங்கம்மா" என்றார் டாக்டர். "வேற ஆளை அனுப்பறோம்." நாள், நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் அதைச் சொல்லவில்லை. மனைவி கட்டில் மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். உடம்பெல்லாம் ரோஜா வாசனை அடித்தது. வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்தபடி, குத்திக்காட்டுகிற தொனி துளியும் இல்லாமல், மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"என்னங்க, அன்னிக்கு அந்த பிரஷ் நிஜமாவே மிருதுவானதுதானா?"

அவர் வாயைத் திறந்தார்.

மிருதுவானதுதான் என்று சொல்ல அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போனார். நீலம் தெரிந்தது. வெந்நீர் தெரிந்தது. தன் கை தெரிந்தது. கையில் இருந்தது எது என்று பார்த்தார். படியேறும் இடத்துக்கு உபயோகிக்கிற முரட்டு பிரஷ் ஒன்று கம்பெனியில் உண்டு. அதை யாராவது மாற்றிப் பையில் போட்டிருப்பார்களா? இழுத்துத் தேய்த்தோமா, நீவினோமா? இருபத்திரண்டு வருடமாகக் கைக்குத் தெரிந்திருந்த விஷயம் அது. இப்போது கையைக் கேட்டால் தாளில் இருந்த வரிதான் வந்தது, ஒரு சொல் பிசகாமல். முறையற்ற. கடினமான. அளவுக்கு மீறி.

"தெரியலை" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.