போய்ச்சேராத தோட்டா

ரெய்னோ காங்கஸின் துப்பாக்கியிலிருந்து ஒரு மான் வேட்டைப் பருவத்தின் முதல் வாரத்தில் புறப்பட்ட தோட்டா இன்னும் எதையும் போய்ச்சேரவில்லை. அந்த வருடம் எங்கள் ஊரான ஸ்லேட் க்ரீக்கில் பனி முன்கூட்டியே விழுந்துவிட்டது, உருளைக்கிழங்கு சுமாராகத்தான் விளைந்தது, பெட்ரோல் விலை ஏறியிருந்தது. வேட்டை தொடங்கும் நாளில் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஆண்களெல்லாம் ஆரஞ்சு நிறக் கோட்டு மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள்.

எங்கள் ஊரில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. காட்டிலிருந்து திரும்புகிறவர் சமையலறைக் கதவுக்கு மேலே உள்ள ஆணிகளில் துப்பாக்கியை மாட்டுவதற்கு முன்னால், அடியிலிருக்கும் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டு, காலித் துப்பாக்கியின் விசையை ஒரு தடவை இழுப்பார். இழுக்காமல் மாட்டினால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்துபோகும் என்பது நம்பிக்கை. 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக் கேட்ட பிறகுதான் வீட்டுப் பெண்கள் மேசையில் தட்டு வைப்பார்கள். ரெய்னோவின் அப்பா அப்படித்தான் செய்தார், அவருடைய அப்பாவும் அப்படித்தான். பெட்டியைக் கழற்றினாலும், ஏற்கெனவே குழலுக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் மறந்தார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடம் யார் வீட்டிலும் ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ரெய்னோவின் மனைவி டொலோரஸ் அவனை வகுப்புக்குப் போகச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் பெர்னிஸ் சனிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு நடத்துவாள். சட்டப்படி அது இளசுகளுக்குத்தான் கட்டாயம். ஒரு குறிப்பிட்ட வருடத்துக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு விலக்கு உண்டு. ரெய்னோ அந்த விலக்கை ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான்.

"நடக்கக் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து எங்கப்பா பக்கத்துல நின்னு சுட்டவன் நான். என்னைப் போயி பொடிசுங்களோட பெஞ்சுல உக்காரச் சொல்றியா?" என்றான்.

"பெஞ்சு தாங்காதுன்னா தரையில உக்காரு. யார் வேணாங்கறா?" என்றாள் டொலோரஸ்.

வேட்டை தொடங்கிய அன்று சாயங்காலம் அவன் காட்டிலிருந்து வந்து பெட்டியைக் கழற்றினான், விசையை இழுத்தான். டிக் வரவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சிப் பணியாரத் தட்டு டொலோரஸின் கையிலிருந்து விழுந்தது. தோட்டா குழல் முனையிலிருந்து ஒரு சாண் தூரம் வந்து, அப்படியே காற்றில் நின்றது. பார்க்கப் பார்க்கத்தான் அது நிற்கவில்லை, எறும்பைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு நேரெதிரே மேசையருகில் அவர்களுடைய ஐந்து வயது மகள் அயிலி படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். டொலோரஸ் அலறிக்கொண்டு பிள்ளையை வாரித் தூக்கி அடுத்த அறைக்கு ஓடினாள். தீவனம் வைக்கிற பக்கம் மாடு தலையைத் திருப்புவதுபோல, தோட்டா மெல்ல அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பியது.

அந்தக் குளிர்காலம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. டொலோரஸ் இரும்பு வாணலியைக் குறுக்கே தொங்கவிட்டுப் பார்த்தாள். தோட்டா ஒரு வாரம் எடுத்துக்கொண்டு அதைத் துளைத்துவிட்டு வந்தது. ரெய்னோ சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றான். அது தன்னையே எடுத்துக்கொள்ளட்டும் என்று அழுதான். கூட்டத்தில் வழிவிட்டுப் போகும் மரியாதைக்காரர்போல அது அவனைச் சுற்றிக்கொண்டு போனது. போலீஸ்காரர் வந்து பார்த்து, இன்னும் யாருக்கும் காயமில்லையே, இதற்கு என்ன வழக்குப் போடுவது என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு அப்பால் அம்மா வீட்டுக்குப் போன டொலோரஸ், வசந்தத்துக்குள் தானாகவே திரும்பி வந்துவிட்டாள். எங்கே வருகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு சுவரையும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, கண்ணெதிரே இருந்தால் தேவலை என்றாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில்தான் அது ஊர் முழுவதற்குமான கவலை ஆனது. க்ளைட் ரூலோ என்பவன் வேலி தாண்டும்போது குண்டேறிய துப்பாக்கியை, முனை முன்னால் இருக்க, தம்பியிடம் நீட்டினான். அங்கே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே நேரத்தில் காங்கஸ் வீட்டில் தோட்டா ஒரு முழம் பாய்ந்தது. அயிலியின் பின்னலைக் காற்று தொட்டதை டொலோரஸ் பார்த்தாள். அப்புறம் இன்னொருவன் வண்டியில் குண்டேறிய துப்பாக்கியைச் சாய்த்து வைத்தான், மறுபடி பாய்ந்தது. ஊரில் எவன் அசட்டையாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு முழம் குறைகிறது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விலக்குப் பெற்ற கிழவர்களெல்லாம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு வந்தார்கள். பெஞ்சுகள் உண்மையிலேயே தாங்கவில்லை, இரண்டு உடைந்தன. பாதிரியார்கூட வாத்து சுடும் தன் பழைய துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்தார்.

வருடங்கள் போயின. ஸ்லேட் க்ரீக்கைப்போல எச்சரிக்கையான ஊர் எந்த மாநிலத்திலும் இருந்திருக்காது. வழியில் எதிர்ப்பட்டால் துப்பாக்கியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். விசையில் விரல் வைத்திருப்பவனைப் பார்த்தால் அவன் மாமியாரே திட்டுவாள். பாய்ச்சல்கள் நின்றன. ஆனால் ஊர்வது நிற்கவில்லை. ரெய்னோ மட்டும் வகுப்புக்குப் போகவேயில்லை. எனக்கு எதற்கு, நான்தான் துப்பாக்கியைத் தொடுவதையே விட்டுவிட்டேனே என்பான். அந்தத் துப்பாக்கியைக் குதிரைக் கம்பளியில் சுற்றி, நீராவிக் குளியல் அறையின் பரணில் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்தான். பாவம், அவன்மேல் எல்லோருக்கும் இரக்கம் இருந்ததால் யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

அயிலிக்குப் பன்னிரண்டு வயதானபோது தோட்டாவுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. அவ்வளவு நெருங்கிய பிறகு அது அவள் போகிற வேகத்துக்கே போனது; அவள் வகுப்பில் சேர்ந்தாள், தோட்டாவும் கூடவே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"துப்பாக்கி எப்ப காலி?" என்று கேட்டாள் பெர்னிஸ்.

"திறந்து, கண்ணால பாத்து, விரலை விட்டுத் தொட்டுப் பாத்ததுக்கப்புறம்" என்று பிள்ளைகள் கோரஸ் பாடினார்கள்.

அயிலி கையைத் தூக்கினாள். "தொட்டுப் பாக்கலன்னா?"

"பாக்கற வரைக்கும் அது குண்டு ஏறினதுதான். உங்க தாத்தா சொன்னாலும் சரி, சாமியே சொன்னாலும் சரி."

"அப்போ எங்க பரண்ல ஒண்ணு இருக்கு டீச்சர்."

பெர்னிஸ் கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். ஏழு வருடமாக ஊரிலிருந்த அத்தனை துப்பாக்கிக்குள்ளும் விரல் விட்டுப் பார்த்தவள், அந்த ஒன்றை மறந்திருந்தாள். உடனே வகுப்பு முழுவதையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு காங்கஸ் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"அது காலிதான் பெர்னிஸ். அன்னிக்கே சுட்டாச்சு. குண்டு இதோ கண்ணு முன்னாடி நிக்குதே" என்றான் ரெய்னோ.

"திறந்து பாத்தியா?"

"எதுக்குப் பாக்கணும்?"

"அன்னிக்கும் இதையேதான நெனச்ச?"

ரெய்னோ பரணில் ஏறி, சுற்றிய கம்பளியோடு அதை வாசலுக்கு எடுத்துவந்தான். நீயே திறந்துகொடு என்று அவன் கெஞ்சியும் பெர்னிஸ் கேட்கவில்லை. "உன் துப்பாக்கி. நீதான் திறக்கணும். நான் சொல்லச் சொல்லச் செய்யி" என்றாள். கம்பளியின் கடைசிச் சுற்றை அவன் அவசரமாக இழுத்து அவிழ்த்தான். துப்பாக்கி அவன் பிடியில் புரண்டு, முனை பிள்ளைகள் நின்ற பக்கம் திரும்பியது. "முனை! முனை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். தோட்டா பாய்ந்தது. அயிலியின் கோட்டில் நெஞ்சுக்கு நேரே இருந்த பித்தளைப் பொத்தானில் அது 'டிக்' என்று மோதியதை வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். டொலோரஸ் வாசற்படியிலிருந்து ஓடி வந்தாள். பொத்தான் மெல்லச் சூடேறிப் பழுக்க ஆரம்பித்தது.

"அப்பா, என்னைப் பாக்காத, துப்பாக்கியைப் பாரு" என்றாள் அயிலி. அவள் மூச்சை இழுத்துப் பிடித்திருந்ததால் பாதிதான் குரல் வந்தது.

"முனை பனிக்குவியல் பக்கம். விரல் வெளியே. பெட்டி இருக்கா பாரு. இப்ப கைப்பிடியைத் தூக்கி இழு" என்றாள் பெர்னிஸ். பேருந்தில் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் அதே குரல். ரெய்னோ முனையைப் பனிக்குவியலுக்குத் திருப்பினான், விரலை வெளியே எடுத்தான், கைப்பிடியை இழுத்தான். துருவில் சிக்கியது. மறுபடி இழுத்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே துள்ளிப் பனியில் விழுந்து, புஸ்ஸென்று ஒரு ஓட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கியது. அவ்வளவு சூடு இன்னும் அதில் இருந்தது. குழலிலிருந்து அன்றைய புகை வந்தது. "தொட்டுப் பாரு" என்றாள் பெர்னிஸ். அவன் சுண்டுவிரலை உள்ளே விட்டான். தோல் பொசுங்கியது, எடுக்கவில்லை.

"காலி" என்றான்.

தோட்டா நின்றது. கீழே விழவில்லை, பின்வாங்கவும் இல்லை, நின்றது. டொலோரஸ் பனியில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும், எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்று உள்ளே போனாள்.

அதற்கப்புறம் அது அயிலியின் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பொத்தான் தூரத்திலேயே இருக்கிறது. அவள் திரும்பினால் திரும்புகிறது, நடந்தால் நடக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை அவளைப் பக்கவாட்டில்தான் அணைக்க முடிந்தது. குழந்தைகளுக்கு அவள் முதுகில்தான் இடம். இப்போது ஊரில் யார் வீட்டிலும் டிக் கேட்பதில்லை. காட்டிலிருந்து வருகிறவரின் சுண்டுவிரலில் எண்ணெய் வாசனை இருந்தால்தான் மேசையில் தட்டு வைக்கிறார்கள்.

பெர்னிஸ் இறந்த பிறகு சனிக்கிழமை வகுப்பை அயிலிதான் எடுக்கிறாள். முதல் நாள் பாடம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளை வரிசையாக வரவழைத்து, தோட்டாவுக்குப் பின்னால் தலையைக் கொண்டுபோய், அது யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்வாள். வரிசையின் கடைசியில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கிழவராகிவிட்ட ரெய்னோ நிற்பார். ஒவ்வொரு வருடமும் நிற்கிறார். முறை வந்ததும் முதுகை வளைத்துக் குனிந்து, பின்னாலிருந்து பார்ப்பார். தோட்டாவுக்கு மேலே மகளின் முகம் தெரியும்.

"பாத்தாச்சாப்பா?" என்பாள்.

"பாத்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்.