ஒரு சிட்டிகை வெந்தயம்

கூலாயைத் தாண்டி ஒரு தாமான் குடியிருப்பு. வரிசையாக இருந்த கடைவீடுகளின் முன்னால் கமலநாதன் காரை மெதுவாக்கினார். முனைக்கடையில் நல்ல கூட்டம். வாசலிலேயே அடுப்பு. நெருப்பு குப்பென்று எழும்பி அடங்க, பனியன் போட்ட சீனர் ஒருவர் வாணலியைத் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தார். பூண்டு சிவக்கிற வாசனை, ஏற்றியிருந்த கண்ணாடியையும் மீறி உள்ளே வந்தது. காலையில் வெறும் தேத்தண்ணீரோடு கிளம்பிய கஸ்தூரிக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது.

"இங்கயே பசியாறலாங்க. கூட்டம் இருக்கிற கடைன்னா நல்லாத்தான் இருக்கும்."

கமலநாதன் அந்தச் சமையல்காரரின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். "இது வேணாம்" என்று சொல்லி வண்டியை விரட்டினார்.

இரண்டு தெரு தள்ளி, ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கடையின் முன்னால் கார் நின்றது. சமையலறை பின்பக்கம், தகரத் தடுப்புக்கு அப்பால். சமைப்பது யாரென்று வாசலிலிருந்து தெரியாது. அங்கேதான் போய் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை தவறாமல் நல்ல சீனக் கடை தேடி ஜோகூரின் மூலைமுடுக்கெல்லாம் அலைகிற மனுஷன், கண்ணெதிரே இருக்கிற நல்ல கடையை விட்டுவிட்டு இப்படி அழுது வடிகிற கடையாகப் பார்த்து நுழைவானேன் என்று கஸ்தூரிக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் பழையபடி வாயை மூடிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

எதிர்வீட்டுச் செல்வராணிக்கோ ஒரே வயிற்றெரிச்சல். "உனக்கென்னா கஸ்தூரி, வாரா வாரம் ரெஸ்டோரன்! எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, ஒரு ரொட்டி சானாய் திங்கக்கூட கூட்டிட்டுப் போனதில்ல லா" என்பாள். கஸ்தூரிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். மகன் போன பிறகு கமலநாதன் வெகுநாள் மரக்கட்டையாகக் கிடந்தவர். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை தானாகவே, "கிளம்பு, வெளிய போய்ச் சாப்பிட்டு வரலாம்" என்றபோது, மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் அவள் காரில் ஏறினாள்.

எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே சாப்பாடுதான். வெள்ளைச் சோறும், கறிவேப்பிலையும் மிளகாயும் போட்டு ஓட்டோடு புரட்டிய லாலாச் சிப்பியும். அதையும் அவர் தின்னமாட்டார். ஊரையே வீட்டுக்குள் அடைத்துப்போட்ட காய்ச்சல் அவருக்கும் வந்து போனதிலிருந்து மூக்கும் நாக்கும் செத்துவிட்டன. சோறும் அட்டையும் அவருக்கு ஒன்றுதான். தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்படி இருக்கு? நம்ம ரெங்கம் கடை மாதிரி இருக்கா?"

"இல்லீங்க. இது வேற மாதிரி."

"சரி, விடு" என்பார். அதில் ஏமாற்றமும் இருக்காது, நிம்மதியும் இருக்காது.

ரெங்கம் கடை என்றால், முன்பு அவர்கள் சிம்பாங் ரெங்கத்தில் குடியிருந்தபோது பக்கத்துத் தெருவில் இருந்த லியோங் தவுக்கேயின் கடை. தவுக்கேதான் முதலாளி, அவரேதான் சமையல். மகன் கவினுக்கு அந்தக் கடை லாலா என்றால் உயிர். தின்ற ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தட்டின் விளிம்பைச் சுற்றி ரயில் விடுவான். ரயில் தட்டைச் சுற்றி வந்து சேர்ந்தால்தான் எழுந்திருப்பான். மீசை முளைத்து ஃபேக்டரி வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருநாள் கஸ்தூரிதான் வாய் சும்மா இருக்காமல் தவுக்கேயிடம் போய், "எல்லாம் நல்லாருக்கு தவுக்கே, ஆனா ஒண்ணு கொறையுது" என்று அரைகுறை மலாயில் சொல்லிவிட்டு, வறுத்துப் பொடித்த வெந்தயத்தை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு சிட்டிகை, அதற்குமேல் போட்டால் கைக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்தாள். தவுக்கே சிரித்தார். அப்புறம் அதைப் போடாமல் அவர் லாலா சமைத்ததே இல்லை. போத்தல் காலியானால் கடைப்பையனிடம் கொடுத்தனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அந்த லியோங் தவுக்கேயின் வேன்தான், சந்தையிலிருந்து திரும்பிய ஒரு சாயங்காலம், செம்பனைக் காட்டு முக்கில் கவினின் மோட்டார் சைக்கிளை அடித்தது. எதிர்வெயில் கண்ணை மறைத்துவிட்டது என்று கோர்ட்டில் சொன்னார். சாட்சி போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கவின் கடைசியாக ஏதாவது பேசினானா என்று கேட்க அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். கேட்பதற்குள் கடையைச் சாத்திக்கொண்டு, எங்கே போனார் என்று தெரியாமல் போய்விட்டார். கமலநாதனும் அந்த ஊரில் இருக்கமாட்டேன் என்று கெலாங் பாத்தாவுக்கு வந்து ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார்.

கூலாயிலிருந்து திரும்பும் வழியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கினார்கள். அவர் காசு கொடுத்துக்கொண்டிருக்க, பையை வைக்கலாமென்று கஸ்தூரி காரின் பின்மூடியைத் திறந்தாள். உள்ளே கவினின் ஹெல்மெட் இருந்தது, ஒரு பக்கம் நசுங்கியபடி. அதைக் குப்பையில் போட்டுவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தார். அதற்கு அடியில் துண்டில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. துண்டை விலக்கினாள். பாராங் கத்தி. புதிதாகத் தீட்டியிருந்த விளிம்பு பளபளவென்று இருந்தது. துண்டைப் பழையபடி சுற்றி, ஹெல்மெட்டை மேலே வைத்து மூடினாள்.

கார் கிளம்பியதும் கேட்டாள். "எதுக்குங்க அந்தக் கத்தி? நம்ம இருக்கிறது மூணாவது மாடி. வெட்டுறதுக்கு அங்க புல்லா மொளச்சிருக்கு?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் சமையல்காரன், கஸ்தூரி. வேற தொழில் தெரியாது. பேர மாத்திக்கலாம், ஊர மாத்திக்கலாம். கைய மாத்த முடியுமா? எங்கயோ ஒரு அடுப்பு முன்னால நின்னுக்கிட்டுதான் இருக்கான்." கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ருசி செத்துப்போச்சு. உனக்கு இருக்கில்ல" என்றார்.

கஸ்தூரிக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை சனிக்கிழமையும் தனக்குச் சோறு வாங்கித் தந்த மனுஷன், தன் நாக்கைப் பிடித்துக்கொண்டுதான் வழி தேடியிருக்கிறார். இது தெரியாமல் செல்வராணியிடம் பெருமை பீற்றிக்கொண்டிருந்தாளே.

அன்றிரவே, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். "பரவால்ல, நீ வீட்டுல இரு. நான் பின்சந்துல நின்னு, வேலை முடிஞ்சி வர்றவன் மூஞ்சியப் பாத்துக்கிறேன்" என்றார், சந்தைக்குப் போகிறவர் மாதிரி. பூனையைக்கூட விரட்டாத ஆள் அவர். யாரிடம் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மகனைச் சாலையில் பறிகொடுத்தாயிற்று, இவரைச் சிறைக்குக் கொடுத்துவிட்டு அந்த மூன்றாம் மாடியில் தனியாக என்ன செய்வது? யோசித்து யோசித்து அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கூடவே போவது. எந்தக் கடையிலும், எந்தத் தட்டைப் பார்த்தும், இல்லை என்று சொல்வது. அவள் இல்லை என்று சொல்லிவிட்ட கடைக்கு அவர் மறுபடி போவதில்லை. தன் வாய் பூட்டாக இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பினாள். ஸ்கூடாயிலும் செனாயிலும் குளுவாங்கிலும் அப்படித்தான் சொன்னாள். அங்கெல்லாம் அது பொய்யும் இல்லை.

நாத்தனார் மகள் லோஷினிக்குக் கல்யாணம் வந்தது. துணி எடுக்கத் தங்காக் ஊருக்குப் போனார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு எடுத்ததில் கஸ்தூரிக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு புதுத் தாமான் முனையில், சாயம்கூடப் போகாத பெயர்ப்பலகையோடு ஒரு சின்ன சீனக் கடை. வாசலில் எழுதியிருந்த மெனுவில் மீனும் கோழியும்தான் இருந்தன. லாலா இல்லாத கடை, அப்பாடா என்று அவளே, "இங்க சாப்பிடலாங்க" என்று கை காட்டினாள்.

கமலநாதன் கார்ச்சாவியை மேசையில் வைத்துவிட்டு, சாப்பாடு கேட்க வந்த சீனப் பெண்ணிடம், "அமோய், லாலா அடா?" என்று கேட்டார். இருக்கிறது என்று அவள் தலையாட்டினாள். இன்றைக்குத்தான் வந்ததாம். பட்டைப் பட்டையாகத் தொங்கிய பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தட்டு மேசைக்கு வருமுன்பே கஸ்தூரிக்குத் தெரிந்துவிட்டது. கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் அடியில் அந்த வாசனை, அவள் வீட்டு அடுப்படி வாசனை, சமையலறையிலிருந்து நேராக அவளிடம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அது எட்டவில்லை. அவர் வழக்கம்போல் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு சிப்பியை எடுத்து வாயில் வைத்தாள். நாக்கின் ஓரத்தில் லேசான கைப்பு, அடுப்பை அணைத்த பிறகு போட்ட ஒரு சிட்டிகை, ஒரு துகள் கூடவும் இல்லை குறையவும் இல்லை. பொடி கொடுக்க இப்போது யாரும் இல்லாமல், தவுக்கே தானே வறுத்துத் தானே பொடித்துப் போட்டிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. காரம் என்று காட்டிக்கொள்ள மூக்கை உறிஞ்சினாள். எதிரில் கவின் உட்கார்ந்து எண்ணெய்க் கையோடு சிரிக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று எடுத்தாள். திரைக்கு அப்பால் இருக்கிற மனிதரிடம் ஓடிப்போய், என் பிள்ளை என்ன சொன்னான் என்று கேட்கவேண்டும், கேட்டுவிட்டு, ஓடிப்போயிடுங்க தவுக்கே என்று சொல்லவேண்டும். எழுந்தால் தெரிந்துவிடும். எழாமல் இருக்க, அவள் தின்றாள்.

"எப்படி இருக்கு?"

"உப்பு தூக்கல்" என்றாள் கஸ்தூரி. குரல் நன்றாகத்தான் வந்தது. "வாயிலயே வைக்க முடியலங்க. வேஸ்ட்டு. வாங்க, வேற எங்கயாச்சும் போலாம்."

கமலநாதன் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று அவளும் குனிந்தாள்.

சிப்பி ஒன்றுகூட மிச்சமில்லை. ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக நின்றன. முதல் ஓட்டுக்கும் கடைசி ஓட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் பாக்கி. அவள் விரல்களில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

அவர் கையை நீட்டி, சற்றே கோணியிருந்த ஒரு ஓட்டை ஒற்றை விரலால் நேராக்கினார். அவள் தேத்தண்ணீர்க் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உப்புன்னா தண்ணி குடி" என்றார் அன்பாக. மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார். "வண்டியில ஒண்ணு மறந்துட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

"ஏங்க..." என்றாள். அதற்குள் அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

உள்ளே அடுப்பின் சத்தம் அடங்கி, காற்றாடியும் நின்றது. மதியச் சமையல் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பெண் சீனத்தில் ஏதோ சொல்ல, ஒரு ஆண்குரல் பதில் சொல்லிச் சிரித்தது. கஸ்தூரிக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். ரப்பர் செருப்பு தரையில் இழுபட்டு, பிளாஸ்டிக் திரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வெளியே காரின் பின்மூடி மேலே எழுந்து, கமலநாதனை முழுதாக மறைத்தது. கஸ்தூரி தட்டின் மேல் குனிந்து, எண்ணெய் வழுக்குகிற விரல்களால் ஓட்டிலிருந்து ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று கூடவே வந்தது.