முன் சீட்டில் இருமும் பெண்

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். நல்ல ஓட்டுநர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே நல்ல ஓட்டுநர் என்றால் ஒழுங்காக ஓட்டுகிறவர் இல்லை, ஒழுங்காக நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்.

எங்கள் ஊருக்கு ஒரே பஸ். காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஏழு மணிக்கு இவர் இன்ஜினைப் போடுவார். போட்டுவிட்டு ஆளை எண்ணுவார். நர்ஸ் அக்கா வரவில்லை என்றால் அவர் வீட்டுச் சந்து முனையில் போய் நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். "தலைக்குக் குளிச்சிருக்கேன், இன்னும் காயல" என்று ஜன்னலிலிருந்து பதில் வரும். தலை காயும்வரை பஸ் நிற்கும். ஒருமுறை கணக்கு வாத்தியார் பல்செட்டை வீட்டில் வைத்துவிட்டு ஏறிவிட்டார் என்று, நாலு கிலோமீட்டர் வந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர் இவர். வண்டியில் இருந்த ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. பல் இல்லாமல் வாத்தியார் எப்படிப் பாடம் நடத்துவார் என்று இவருக்கு முன்னால் அவர்கள்தான் கவலைப்பட்டார்களாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த பஸ்ஸில் நானும் போக வேண்டியிருந்ததுதான் சிக்கல். ஏறி உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பித்துவிடும். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், பையில் என்ன. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, பின் சீட்டிலிருந்து யாராவது குரலைத் தாழ்த்தி, ஆனால் வண்டி முழுக்கக் கேட்கும்படி, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். ஒரு விசேஷமும் இல்லை. நான் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாட்களில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பார்த்தால் அழுதுவிடுவேன்.

அதனால்தான் நச்சரித்து நச்சரித்து அவரை நகரத்துக்கு மாற்றல் கேட்க வைத்தேன். கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஓட்டுநர் மேல் மூன்று புகார் வந்தால் பழைய டிப்போவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நகரம் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, செருப்பை மட்டும்தான் தெரியும். ஒரு ஜோடி கறுப்பு, ஒரு ஜோடி பிரவுன். ஒருநாள் பிரவுன் தேய்ந்துபோய்ப் புதுசு வந்தது. எங்களுக்குள் நடந்த ஒரே சம்பவம் அதுதான். எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையும் கிடைத்தது. வருகிறவர்கள் கண்ணைப் பற்றி மட்டும் பேசுவார்கள். நாலு மாதத்தில் ஒருத்தர்கூட விசேஷம் கேட்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் இரண்டு கிலோ ஏறினேன்.

இவர்தான் திருந்தவில்லை. நகரத்து பஸ்ஸிலும் ஆளை எண்ண ஆரம்பித்துவிட்டார். மார்க்கெட் நிறுத்தத்தில் தினமும் குடையோடு ஓர் அம்மா ஏறுவாராம். ஒருநாள் அவரைக் காணவில்லை என்று இவர் ஹாரன் அடித்துக்கொண்டே மூன்று நிமிஷம் நின்றிருக்கிறார். அந்த அம்மா சாவகாசமாக வந்து ஏறியதும், "என்னம்மா, இன்னிக்கு லேட்டு? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று வேறு கேட்டிருக்கிறார். மறுநாளே புகார் வந்தது. கொடுத்தது வண்டியில் காத்திருந்தவர்கள் இல்லை, சாட்சாத் அந்தக் குடைக்கார அம்மாவேதான். 'ஓட்டுநர் என் நடமாட்டத்தைக் கவனித்து வருகிறார்.'

"நான் நல்லதுக்குத்தானே நின்னேன்?" என்றார் என்னிடம்.

"யாரு உங்களை நிக்கச் சொன்னா? இங்க யாரும் யாருக்காகவும் நிக்க மாட்டாங்க. நீங்களும் நிக்காதீங்க!"

இரண்டாவது புகார் நூலக நிறுத்தத்தில் தினமும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஏறும் ஒருத்தர் கொடுத்தது. எட்டு பன்னிரண்டுக்கு வர வேண்டிய வண்டி எட்டு பதினைந்துக்கு வந்தது என்று, மூன்று நாள் நேரத்தைக் குறித்து, கோடு போட்ட தாளில் எழுதியிருந்தார். அப்போது சோதனைக் காலத்தில் ஒரு மாதம் பாக்கி. இன்னும் ஒரு புகார் வந்தால் மறுபடியும் அந்தப் பின் சீட்டு, மறுபடியும் அந்தக் கேள்வி. செத்தாலும் போக மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் பத்து மணிக்குப் போனால் போதும். ஆனாலும் மறுநாளிலிருந்து நானும் அவருடைய வண்டியில் ஏறினேன், அவருக்குப் பின்னால் முதல் சீட்டில். வேலை நேரத்தில் ஓட்டுநர் குடும்பத்தாரோடு பேசக் கூடாது என்று விதி இருக்கிறதாம். அதனால் நாங்கள் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்வது என்று பேசி வைத்துக்கொண்டோம். ஆள் ஏறி முடிந்ததும் இவர் கண் கண்ணாடிக்குப் போகும், எண்ணுவதற்கு. உடனே நான் இருமுவேன். கிளம்புங்கள் என்று அர்த்தம். கிளம்பாவிட்டால் பலமாக இருமுவேன். மூன்றாவது நாளிலிருந்து என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான்காவது நாள் காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் என்னைப் பார்த்ததும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

ஆனால் வேலை நடந்தது. இரண்டு வாரத்தில் இவர் கை தானாகவே கியருக்குப் போகப் பழகிவிட்டது. ஒருநாள் குடைக்கார அம்மா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தும் இவர் நிற்காமல் போனார். வீட்டுக்கு வந்து அன்று சரியாகச் சாப்பிடவில்லை. நான் அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்துப் போட்டேன்.

தினமும் அதே வண்டியில், அதே சீட்டில், செய்வதற்கு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? கண் சும்மா இருக்குமா? ஒயர்க்காரிக்குப் பரீட்சை வந்ததும் தெரிந்தது, அது முடிந்ததும் தெரிந்தது. டைக்காரருக்கு மொத்தம் நாலு டை, அதில் பச்சை டையில் ஒரு கறை. கடைசி வாரம் வியாழக்கிழமை அவர் டையே கட்டாமல் வந்தார். முகம் வெளுத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர், இறங்க வேண்டிய இடம் தாண்டியும் இறங்கவில்லை. நமக்கென்ன என்று நானும் இருந்துவிட்டேன். ஆனால் அன்று கடையில் யாருக்கோ எழுத வேண்டிய பவரை வேறு யாருக்கோ எழுதினேன்.

வெள்ளிக்கிழமை. சோதனைக் காலத்தின் கடைசி நாள். நூலக நிறுத்தம், எட்டு பன்னிரண்டு. எல்லோரும் ஏறிவிட்டார்கள், டைக்காரரைத் தவிர. இவர் எண்ணக்கூட இல்லை. கதவை மூடினார், கியரைப் போட்டார், வண்டி நகர்ந்தது. பார்க்கவே பெருமையாக இருந்தது.

"நிறுத்துங்க!"

கத்தியது நான்தான். பிரேக் பிடித்ததில் வண்டியே ஒரு ஆட்டம் ஆடியது. இவர் திரும்பி, விதியை மறந்து, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"அவரு இன்னும் வரல" என்றேன்.

"யாரு?"

"டை கட்டினவரு. நேத்தே உடம்பு சரியில்லாம இருந்தாரு. தனியா இருக்காரோ என்னமோ."

"நேரமாச்சும்மா" என்றார் இவர், ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் பேசுகிற குரலில். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. நான் இறங்கியே விட்டேன். இறங்கி, நூலகத்துக்குப் பக்கத்துச் சந்தை எட்டிப் பார்த்தேன். நான் கீழே நிற்க வண்டியை எடுக்க இவருக்கு மனசு வருமா? இன்ஜின் உறுமிக்கொண்டே நின்றது.

மூன்று நிமிஷம் கழித்து டைக்காரர் வந்தார். ஓடி வரவில்லை. கையில் ஒரு காகிதக் கோப்பையில் காபியை உறிஞ்சிக்கொண்டு, நீல டை கட்டிக்கொண்டு, நடந்து வந்தார். எனக்கு உயிர் வந்தது.

"ஏங்க, உடம்பு தேவலையா?" என்று கேட்டேன். "நேத்து எறங்காமலே போயிட்டீங்களே! டாக்டரைப் பாத்தீங்களா? வீட்டுல பாத்துக்க யாராச்சும் இருக்காங்களா? கல்யாணம் ஆயிடுச்சா?"

கடைசிக் கேள்வி எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. வண்டி முழுக்கக் கேட்டுவிட்டது. அந்த மனுஷன் பேயைப் பார்த்தது போல என்னைப் பார்த்தார். ஏறி, கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்து, மணியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்தார்.

அன்று முழுவதும் நான் கடையில் நடைப்பிணமாக இருந்தேன். ஒரு மாதம் தொண்டை வரள இருமி இருமிக் காப்பாற்றியதை மூன்று நிமிஷத்தில் நானே கெடுத்துவிட்டேன். இவராக வண்டியை நிறுத்தியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். என்னை யார் திட்டுவது? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கி, புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

இவர் ஏழு மணிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நிரந்தர உத்தரவு.

"புகார் குடுக்கலையா அவரு?"

"குடுத்தாரே. மத்தியானமே மேலாளர் கையில இருந்துச்சு. ஆனா என் மேல இல்ல." இவர் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "முன் சீட்டுல உக்காந்து இருமுற ஒரு பொம்பள வண்டியை மறிச்சு, அவரைத் தொந்தரவு பண்ணாளாம். ஓட்டுநர் பாவம், ஒழுங்காத்தான் கிளம்பினாராம். அப்படியே எழுதியிருந்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொம்பள யாருன்னு மேலாளர் கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? பொண்டாட்டின்னு சொன்னா நம்ம கதை முடிஞ்சுது. எழுதிக் குடுன்னாரு. 'தினமும் வர்றாங்க, இருமுறாங்க, யாருன்னு எனக்குத் தெரியாது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இனிமே உன்னை வண்டியில ஏத்தக் கூடாதாம்."

சரியாகத்தான் செய்திருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பேன். ஊர் டிப்போவாக இருந்திருந்தால் இந்தப் பொய் வாயை விட்டு வெளியே வருவதற்கு முன்னாலேயே பத்துப் பேர் அடித்துச் சொல்லியிருப்பார்கள், அது அவர் சம்சாரம் என்று. இங்கே ஒரு ஈ காக்கைகூடச் சொல்லவில்லை. அதனால்தான் தப்பித்தோம். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சொல்லும்போது கஷ்டமா இல்லையா?" என்றேன்.

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். அதாவது, இன்றைக்குக் காலைவரை தெரியாதவர்.

"ரெண்டு தடவை கேட்டாரு. மொதத் தடவை வாயே வரல. ரெண்டாவது தடவை கடகடன்னு வந்துருச்சு."

நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். "இப்போ கேக்கறேன், சொல்லுங்க. நான் யாரு?"

"என்ன இது சின்னப் புள்ள மாதிரி... என் பொண்டாட்டி."

"சத்தமா சொல்லுங்க."

அவர் கதவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்டி" என்றார்.

"கேக்கட்டும்" என்றேன்.